முப்பதுக்கு இருபத்தேழு

ஒன்பது பத்துக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள், இப்போது ஒன்பது இருபத்தைந்து, அதற்குள் மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஆபரேஷன் தியேட்டரின் இரட்டைக் கதவு, அதற்குப் பக்கத்துச் சுவரில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் உள்ளேயிருந்து யாராவது என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மயக்க மருந்து கொடுக்கிற ஹபீபா மேடத்திடம் ஒரு விஷயம் சொல்லணும், உள்ளே இருக்கிற செண்பகவல்லி என் அக்கா, செவ்வாய்க்கிழமை ஞாபகப் பரிட்சையில் அவள் வாங்கிய இருபத்தேழு மார்க் அவள் வாங்கியதில்லை, நான் வாங்கிக் கொடுத்தது, அவளுக்கு இரண்டு வருஷமாக மறதி, இவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பத்து வினாடி ஆகாது. சொன்னால் அக்காவின் வெள்ளை ஃபைலை எடுத்துவிட்டு மஞ்சள் ஃபைல் போடுவார்கள். மஞ்சள் ஃபைல் என்றால் மயக்க மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள், முதியோர் டாக்டர் தினமும் வருவார், கண் விழிக்கிற நேரத்தில் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்திலேயே உட்காரவைப்பார்கள், கண்ணாடியும் காதுக் கருவியும் உடனே கைக்கு வரும், ஜன்னலோரக் கட்டில், எதிரே பெரிய எண் போட்ட கடிகாரம். வெள்ளை ஃபைல் என்றால் மற்ற எல்லாருக்கும் போல. ஏற்கெனவே மறதி உள்ள மூளை மற்ற எல்லாரையும் போல மயக்கம் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவே கண் விழித்தால் திரும்பி வருகிற வழியைத் தவறவிடலாம். சிலர் இரண்டு நாளில் திரும்புகிறார்கள், சிலர் இரண்டு மாசத்தில், சிலர் திரும்புவதே இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் ஹபீபா மேடத்துக்கு அடுத்தபடி இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நான் டாக்டர் இல்லை. இந்த மருத்துவக் கல்லூரியின் நூலகர், பெயர் குற்றாலிங்கம், முப்பத்தொரு வருஷ சர்வீஸ், புத்தகத்தைத் திருப்பித் தராத மாணவர்களைத் தவிர வேறு யாரையும் மிரட்டியறியாதவன். போன வருஷம் மயக்க மருந்துத் துறைத் தலைவர் ஹபீபா மேடம் நூலகத்துக்கு வந்து, வயதானவர்களுக்கு ஆபரேஷன் செய்யும்போது எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது பற்றி இந்த முப்பது வருஷத்தில் யார் யார் எதை எதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு படம் வேண்டும் சார் என்றார். நான்கு மாசம் உட்கார்ந்தேன். நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள். ஒவ்வொன்றிலும் தலைப்புக்குக் கீழே கொடுத்திருக்கிற சொற்களைப் பிரித்து, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கம்ப்யூட்டரை வைத்து எண்ணி, சொல்லுக்கு ஒரு வட்டம் போட்டேன், அதிகம் வந்த சொல்லுக்குப் பெரிய வட்டம். ஆரம்ப வருஷங்களில் மரணம், இதயம், நுரையீரல், ரத்தப்போக்கு, இவைதான். மேஜையில் ஏறிய கிழவர் உயிரோடு இறங்கினாரா, அதோடு கேள்வி முடிந்தது. பிறகு தளர்ச்சி என்று ஒரு வட்டம் தலைகாட்டியது, ஆபரேஷனுக்கு முன்பே உடம்பைத் தேற்றுவது என்று ஒன்று, வீட்டுக்குப் போன பிறகு தானே குளித்துச் சாப்பிட்டாரா என்று ஒன்று. கடைசிப் பத்து வருஷத்தில் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு வட்டம் வீங்கிக்கொண்டே போனது, டெலிரியம், ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கிறபோது வருகிற புத்தித் தடுமாற்றம். அதற்கு ஆரஞ்சு நிறம் கொடுத்தேன். நோயாளிகளுக்கான தமிழ்த் தாளில் ‘தற்காலிகப் புத்தித் தடுமாற்றம்’ என்று நான்தான் எழுதினேன். தற்காலிகம் என்று சொல்ல முடியாது சார், சில பேருக்குப் புத்தியை நிரந்தரமாக இறக்கிவிட்டுவிடுகிறது என்று மேடம் சொன்னார். இருக்கட்டும் மேடம், படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்றேன். சரி உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். இப்போது அந்தத் தற்காலிகத்தைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நானே போட்ட வார்த்தை, பொய் என்று தெரிந்தே போட்டது. அந்தப் படத்தின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இன்னொரு புள்ளி இருந்தது, உறவினர். ஐந்து தடவைக்குக் குறைவாக வந்த சொற்களை நீக்கிவிடலாம் மேடம், படம் சுத்தமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். நீக்கினோம், படம் சுத்தமாக இருந்தது.

ஒன்பது நாற்பது. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தாள். டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற ஆபரேட்டர். இந்த ஊரில் போன் வைத்திருந்தவர்கள் அத்தனை பேர் நம்பரும் அவளுக்கு மனப்பாடம், நம்பர் மட்டுமா, யார் வீட்டில் யார் போனை எடுப்பார்கள், எந்த வக்கீல் மத்தியானம் தூங்குவார், எந்த ஜவுளிக்கடை முதலாளி பெண்டாட்டிக்குத் தெரியாமல் மதுரைக்குப் பேசுவார், எல்லாம். அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயசு, அவளுக்கு இருபத்தொன்று, அந்த வருஷம்தான் வேலையில் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன், நான் படித்து முடிக்கட்டும் என்று வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள், அப்புறம் வரன் வருவது நின்றுபோனது. எனக்கும் கூடிவரவில்லை. ரதவீதிப் பக்கம் எங்களைப் பற்றிச் சொல்லும்போது பாவம் அக்காளும் தம்பியும் என்றுதான் சொல்வார்கள், அந்தப் பாவம் எங்களுக்கு ஒன்றும் கஷ்டமாக இருந்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காபியில் உப்பு. சிரித்தோம். அடுத்த வாரம் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அரிசி. சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் சுப்பம்மா சித்தி எதிரே வந்து நின்று என்னைத் தெரியுதாட்டி என்று கேட்டபோது அக்கா முகத்தில் ஒரு நொடி ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டாற்போல இருந்தது, நான் சித்தியின் தோளுக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன், சுப்பம்மா சித்தி. அக்காவுக்குக் காது மந்தம், ஹெட்போன் மாட்டிக் கெட்டுப்போன காது, உதட்டைப் படிக்க அவளுக்குத் தெரியும். ‘தெரியாம என்ன சித்தி, மெலிஞ்சுட்டியளே’ என்று சொல்லிச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதுதான் என் வேலை. ரேஷன் கடையில், பாங்கில், கோயிலில், எதிரே நிற்பவன் முதுகுக்குப் பின்னால் நான் நிற்பேன், அவள் கண் என்னிடம் வரும், நான் எடுத்துக் கொடுப்பேன். நன்றாகவே செய்தேன். ஒருத்தருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தால் காபி இல்லை, வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடம் பூட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது, அதன் படிக்கட்டில் கிடந்தாள். காலை ஷிப்டுக்குப் போயிருக்கிறாள். மடிப்புக் கலையாத கைத்தறிப் புடவை, தோளில் பை, பைக்குள் தயிர்சாத டப்பா. காவல்காரர் தூக்கப் பார்த்தபோது வலியில் கத்தியிருக்கிறாள். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வலியை மறந்து, எங்கே வந்து எங்கே கிடந்தோம் என்பது அந்தக் கணம் தெளிவாகப் புரிந்துபோய், ‘ஏல குத்தாலம், யார்ட்டயும் சொல்லிராதடே. கிறுக்கின்னு சொல்லிருவாவ’ என்றாள். ‘சொல்ல மாட்டேங்கா’ என்றேன். ஆஸ்பத்திரியில், எப்படி விழுந்தாங்க என்று கேட்டான் அந்தச் சின்ன டாக்டர். பாத்ரூமில் வழுக்கி என்றேன். அவன் எழுதிக்கொண்டான். அவனுக்கு என்ன, எல்லாக் கிழவிகளும் பாத்ரூமில்தான் விழுகிறார்கள். திங்கட்கிழமை எலும்பு டாக்டர் வந்தார், இடுப்பு மூட்டு உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, ‘மறதி கிறதி ஏதாவது உண்டா சார்? அப்படி இருந்தா ஆபரேஷன் வேணுமா, படுக்கையிலயே வச்சுப் பாத்துக்கலாமான்னு யோசிக்கணும்’ என்றார். அவர் அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். மறதி உள்ளவர்களுக்குத்தான் சீக்கிரம் ஆபரேஷன் செய்து நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்று எத்தனை கட்டுரைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். வாயைத் திறந்து அதைச் சொன்னேனா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர், அக்காவுக்கு ஊர் நம்பரெல்லாம் மனப்பாடம் என்றேன். நாலாயிரம் கட்டுரை ஒரு பக்கம், அந்த ஆளுடைய ஒரு பேச்சு ஒரு பக்கம், நான் அந்தப் பேச்சுக்குத்தான் பயந்தேன்.

பயம் மட்டும்தானா. இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும், வேறு யாரிடம் சொல்ல, எனக்கு நானாவது. எழுத்தில் வந்துவிடக் கூடாது என்று இருந்தது. இரண்டு வருஷமாக நானும் அவளும் மட்டும் மூடி வைத்திருந்தது ஒரு தாளில் ஏறி, முப்பதுக்குப் பன்னிரண்டு என்று ஆகிவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பரிட்சை வைக்க சிஸ்டர் ஜெபமலர் வருவாள் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டுக்குக் கீழே வாங்கினால் மஞ்சள் ஃபைல் என்பதும் தெரியும். என்னென்ன கேள்வி என்பதும் தெரியும், மேடத்தின் ஆராய்ச்சிக்காக அதைத் தமிழாக்கிக் கொடுத்தவனே நான். ஐந்து வார்த்தை சொல்வாள், கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பாள். அந்த ஐந்தையும் பொறுக்கியவன் நான். குடை, மாங்காய், கடிதம், கோயில், நீலம். படிக்காதவர்களுக்கும் தெரிந்த வார்த்தையாக இருக்கட்டும் என்று எவ்வளவு யோசித்துப் பொறுக்கினேன். திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை, மாங்காயைப் பிடித்தால் குடை நழுவுகிறது, அழுதுவிட்டாள். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டேன். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பியில் குடையை மாட்டினேன், மழை இல்லாத நாளில். டிபன் டப்பாவின் மூடியில் ஒரு மாங்காயை உப்பும் மிளகாய்ப்பொடியுமாக வைத்தேன். மேஜைமேல் ஒரு தபால் கவர். சுவரில் கோபுரப் படம் போட்ட காலண்டர், தேதிக்கும் ஆயிற்று, கிழமைக்கும் ஆயிற்று. சிஸ்டர் ஜெபமலர் நல்ல பெண், எதையும் கவனிக்கவில்லை, கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டாள். அக்கா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நிதானமாக, சந்தையில் காய் பார்ப்பதுபோல் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மற்றதற்கெல்லாம் என் உதடு இருந்தது. இருபத்தேழு. ‘சார், உங்க அக்கா எங்க எல்லாரையும்விட ஷார்ப்பா இருக்காங்க’ என்றாள் சிஸ்டர். அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, நானும் சிரித்தேன், இரண்டு பேரும் பரிட்சையில் காப்பியடித்துப் பாஸான பிள்ளைகளாக அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். இன்று காலை தியேட்டர் வாசலில் ஹபீபா மேடம் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிய வேண்டியது வேறு ஏதாவது இருக்கா சார் என்று என்னையே பார்த்துக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். ஒண்ணுமில்ல மேடம் என்றேன்.

பத்து மணி. எழுந்து பெட்டிவரை போய், பொத்தானில் விரலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள், பெயர் இசக்கியம்மாளாம், கேட்காமலே சொன்னாள், அவளுடைய மாமனாருக்கு உள்ளே குடலிறக்க ஆபரேஷன். பொட்டலத்தைப் பிரித்து மிக்சர் தின்றுகொண்டே, ‘உக்காருங்கண்ணே, நடந்தா சீக்கிரம் முடிச்சிருவாவளா?’ என்றாள். ‘ஒரு பரிச்ச வச்சாவளே, உங்களுக்கும் வச்சாவளா? இந்த வயசுல அவாளுக்கு எதுக்குண்ணே பரிச்ச? குடை, மாங்கான்னு என்னத்தையோ சொல்லிக்கிட்டு. அந்தக் கிழத்துக்குக் காலைல தின்னது சாயங்காலம் தெரியாது. நாந்தான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அந்தப் பிள்ள, அவாளே சொல்லட்டும்மான்னுச்சு. போம்மா, அவுக சொன்னா என்ன, நான் சொன்னா என்ன, ஒரே வீடுதானன்னேன்.’ எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறிவிருக்கா உனக்கு, அந்தப் பரிட்சை எதற்கு வைக்கிறார்கள் என்று தெரியுமா, உன் மாமனார் நாளைக்கு உன்னையே அடிக்க வந்தால் அப்போது புரியும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது, வாய்வரை வந்துவிட்டது. வந்த இடத்திலேயே நின்றது. இவள் பகிரங்கமாகச் செய்தாள், சிஸ்டர் பார்த்திருப்பாள், தாளின் ஓரத்தில் உறவினர் பதில் என்று குறித்திருப்பாள், கிழவருக்கு மஞ்சள் ஃபைல் கிடைத்திருக்கும். ஒன்றும் தெரியாத இவள் செய்த தப்பு கிழவரைக் காப்பாற்றிவிட்டது. எல்லாம் தெரிந்த நான் செய்தது கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கிறது. ‘என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கிய? கொஞ்சம் மிச்சர் தின்னுங்க’ என்று பொட்டலத்தை நீட்டினாள். ஒரு கை எடுத்துக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்லக்கூட முடியவில்லை, கடலைப்பருப்பு பல்லில் மாட்டிக்கொண்டது.

பத்து இருபதுக்குக் கதவு திறந்து சிஸ்டர் ஜெபமலர் வந்தாள். கையில் ஏதோ தாள், நேரே என்னிடம்தான் வந்தாள். எழுந்து நின்றேன். ‘சார், பயப்படாதீங்க. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரக்க வைக்கலாம்னுதான் மேடம் பாத்தாங்க. அக்காவுக்கு முதுகெலும்பு ரொம்ப வளைஞ்சிருக்கு, மூணு தடவ குத்தியும் ஏறல. அதான் முழு மயக்கம் குடுத்துட்டாங்க. மார்க்குதான் நல்லா இருக்கே, கவலையில்லன்னு மேடம் சொன்னாங்க.’ இதுதான் இடம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது, அவளே மார்க் என்று சொல்லிவிட்டாள், அந்த மார்க் இருக்கே சிஸ்டர் என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும். ‘அப்படியா’ என்றேன். ‘காப்பி கீப்பி ஏதாவது குடிங்க சார், முகமே சரியில்ல’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்படியா. என்ன ஒரு வார்த்தை. யாரோ மழை வரும்போல இருக்கு என்று சொன்னால் சொல்கிற வார்த்தை. அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன், எதற்கு வாய் வரவில்லை என்று. வேலை போய்விடும் என்றா? அதுவும் கொஞ்சம் உண்டு, மேடத்தின் ஆராய்ச்சியையே கெடுத்தவன் என்று ஆகிவிடும், அதற்கு வெட்கமும் உண்டு. ஆனால் அதெல்லாம் தோலளவுதான். சிஸ்டர் ஷார்ப் என்று சொன்னபோது அக்கா சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். அவள் சுயநினைவில்லாமல், துணி விலக்கி, வாயில் குழாயோடு கிடக்கும்போது, அவளைக் கேட்காமல், அவள் சொல்லாதே என்று சொன்னதைச் சொல்ல வேண்டும். அறியாத வயசில் என்னை ஒக்கலில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். எனக்குத் தெரிந்து அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான், வேறு எதையும் கேட்டதே இல்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேனே, இது பாசமா, இல்லை கோழைத்தனத்துக்குப் போட்ட நல்ல சட்டையா. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பதினொன்று ஐந்து. இப்போது உள்ளே என்ன நடக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. படித்தவனாக இருப்பதில் இது ஒரு தொந்தரவு, இசக்கியம்மாள் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டாள். பழைய எலும்பை எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைத்துத் தட்டுவார்கள், அது பெரிய விஷயமில்லை, நல்ல கைகள். மயக்கத்திலிருந்து மேலே வருகிற அந்த அரைமணி நேரம்தான் பெரிய விஷயம். ஒரு கட்டுரையில் ஒரு கிழவர் சொன்னதைப் போட்டிருந்தார்கள், சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது, என் பிள்ளைகள் வேஷம் போட்ட வேறு ஆட்கள் வந்தார்கள், ஆறு மாசம் கழித்தும் அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் என்று. கைமேல் மாட்டியதையெல்லாம் பிடுங்குவார்கள், அதனால் துணியால் கட்டிவைப்பார்கள், கட்டினால் இன்னும் பயப்படுவார்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, நீ இங்கே இருக்கிறாய், இன்ன கிழமை, இன்ன நேரம், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னால் குறைகிறது. அவ்வளவு சாதாரண வைத்தியம். நாலாயிரம் கட்டுரைகளையும் பிழிந்தால் கடைசியில் சொட்டுகிறது அது ஒன்றுதான், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள். அதற்குத்தான் மஞ்சள் ஃபைல் வேண்டும். அதை நான் என் கையாலேயே தள்ளிவிட்டிருக்கிறேன். அக்கா திரும்பி வராவிட்டால் வீட்டில் யார் இருப்பார்கள்? புடவை கட்டிய ஒரு உடம்பு இருக்கும், நான் சோறு ஊட்டுவேன், அது என்னை யாரென்று கேட்காது. சாயங்காலம் நான் வந்ததும் கேட்பாளே, இன்னைக்கு யாருடே புஸ்தகத்தத் தராம ஓடுனது என்று, தினமும் அதே கேள்வி, எனக்கு எரிச்சலாக வரும். அதைக் கேட்க ஆள் இருக்காது. வேண்டாம். போதும். இனிமேல் கதவு திறந்தால், யார் வந்தாலும், வார்டு பாயே வந்தாலும் சரி, சொல்லிவிடுவேன். இப்போதும் நேரம் இருக்கிறது, மயக்கம் கொடுத்தது கொடுத்ததுதான், விழித்த பிறகுள்ள பாதுகாப்பாவது கிடைக்கும், அவள் திட்டினால் திட்டட்டும், திட்டுகிற அளவுக்குப் புத்தி இருந்தால் அதுவே போதும். சிஸ்டர், அந்தப் பரிட்சையில் அக்கா பதில் சொல்லவில்லை, நான் சொன்னேன், அவளுக்கு மறதி, ஃபைலை மாற்றுங்கள். நான்கு வாக்கியம். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அக்காவுக்கு ஐந்து வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு நான்கு வாக்கியம் நிற்காதா.

பன்னிரண்டு பத்துக்குக் கதவு திறந்தது. ‘குற்றாலிங்கம் சார், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. அக்கா முழிச்சிட்டாங்க. வெள்ளை ஃபைல்ங்கறதால உள்ள விட முடியாது, வாசல்ல நின்னு ஒரு பார்வ பாத்துக்கங்க. மூணு கேள்வி கேட்டுக் குறிச்சுட்டு வார்டுக்கு மாத்திருவோம். தப்பா கிப்பா சொன்னாத்தான் மேடத்தக் கூப்பிடணும், மஞ்சளுக்கு மாத்துவாங்க’ என்று ஜெபமலர் முன்னால் நடந்துகொண்டே சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எதையும் சொல்லவே வேண்டியதில்லை. நான்கு வாக்கியமும் வேண்டாம், அக்காவைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். சும்மா நின்றால் போதும். அவள் தப்பாகச் சொல்லுவாள், ஃபைல் தானாக மாறும், என்னை உள்ளே விடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்பது, உலகத்தில் அதைவிடச் சுலபமான காரியம் உண்டா. அக்கா என் முகத்தைப் பார்க்கட்டும் என்று, சிஸ்டர் மாட்டச் சொன்ன மாஸ்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். வாசலை ஒட்டிய கட்டிலில் அக்கா கொஞ்சம் தலைதூக்கிப் படுத்திருந்தாள். முடி அவிழ்ந்து, பல்செட் இல்லாமல் வாய் ஒடுங்கி, படிக்கிற கண்ணாடி இல்லாத கண் இரண்டும் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. காதுக் கருவி இல்லாததால் சிஸ்டர் அவள் காதருகே குனிந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமாகக் கேட்டாள். ‘அம்மா, உங்க பேரு என்ன?’

அக்காவின் கண் கூரையிலிருந்து இறங்கியது. குழாயைப் பார்த்தது, சிஸ்டரைப் பார்த்தது, அவள் தோளுக்குமேல் என்னிடம் வந்து நின்றது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. பேர் கேட்கிறார்கள், பேர் தெரியவில்லை, நாலு பேர் முன்னால் தெரியவில்லை என்று தெரிந்துபோய், கை படுக்கையைப் பிராண்டுகிறது. சும்மா நில், குத்தாலம், சும்மா நில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று வினாடி நின்றேன். என் உதடு அசைந்தது. செண்பகவல்லி. ‘செண்பகவல்லி’ என்றாள் அக்கா, உடைந்த குரலில். ‘ஆங், இது எந்த இடம்மா?’ கண் மறுபடி என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரி. ‘ஆஸ்பத்திரி.’ இத்தோடு நிறுத்திவிடலாம், ஒரு தப்பு போதும், மூன்றில் ஒன்று தப்பானாலும் மேடத்தைக் கூப்பிடுவார்கள். சிஸ்டர் நிமிர்ந்து, சிரித்து, திரும்பாமலே பேனாவால் பின்பக்கம் என்னைக் காட்டினாள். ‘வாசல்ல நிக்கிறாங்களே, அவங்க யாரும்மா?’ அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுக்கு நான் யாரென்று தெரியவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை, கல்யாண வீட்டில் சுப்பம்மா சித்தியைப் பார்த்த அதே முகம். பதில் இந்த ஆளிடம் இருக்கும் என்பது மட்டும் எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் என் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாள். தம்பி என்று அசைத்தேன். ‘தம்பி’ என்றாள். சொல்லிவிட்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சிஸ்டர் மூன்றாவது டிக்கையும் போட்டாள்.